யாருக்கு எந்தக் கல்வி? அன்னா ஜூலியா கூப்பரும் எம் ஸ்ட்ரீட் பள்ளியும்

1902ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் இரண்டு கைத்தொழிற்பயிற்சி உயர்நிலைப்பள்ளிகள் திறக்கப்பட்டன. இரண்டும் அரசுப் பள்ளிகள், இரண்டும் பொதுப் பணத்தில் எழுந்தவை. ஒன்று வெள்ளை மாணவர்களுக்கானது. அதற்கு முந்தைய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட குடியரசுத் தலைவர் மெக்கின்லியின் பெயர் சூட்டப்பட்டது. மற்றொன்று கறுப்பின மாணவர்களுக்கானது. அதற்கு ஹாம்ப்டன் பயிற்சி நிறுவனத்தை நிறுவிய வெள்ளைத் தளபதி ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் வைக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சமத்துவம். இவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று.

ஆனால் அந்நகரின் பள்ளிக் கணக்கை முழுதாகப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். வெள்ளை மாணவர்களுக்கு சென்ட்ரல், ஈஸ்டர்ன், வெஸ்டர்ன் என மூன்று பொதுக்கல்வி உயர்நிலைப்பள்ளிகள் ஏற்கெனவே இருந்தன. வணிகக் கல்விக்கெனத் தனிப் பள்ளி ஒன்றும் இருந்தது. மெக்கின்லி பள்ளி அவர்களுக்குக் கூடுதலாகத் திறந்த ஒரு கதவு. கறுப்பின மக்களுக்கோ எம் ஸ்ட்ரீட் உயர்நிலைப்பள்ளி ஒன்றுதான் இருந்தது. கல்லூரிக்குச் செல்ல அவர்களுடைய பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பொது வழி அது. ஆம்ஸ்ட்ராங் பள்ளி திறக்கப்பட்டபோது நகரின் அதிகாரிகள் சிலருக்குத் தோன்றிய கேள்வி இதுதான்: கறுப்பினப் பிள்ளைகளுக்கு மரவேலையும் சமையலும் கற்பிக்க ஒரு பள்ளி வந்துவிட்ட பிறகு, லத்தீனும் கிரேக்கமும் உயர் கணிதமும் கற்பிக்கும் இன்னொரு பள்ளி எதற்கு?

அதே 1902இன் தொடக்கத்தில் எம் ஸ்ட்ரீட் பள்ளியின் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றவர் அன்னா ஜூலியா கூப்பர். அந்தக் கேள்விக்கு அவர் தந்த விடையும், அதற்காக அவர் கொடுத்த விலையும் தொழிற்கல்வியைப் பற்றிப் பேசும் எவரும் அறிந்திருக்க வேண்டியவை.

கூப்பர் 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வட கரோலினா மாநிலத்தின் ராலே நகரில் பிறந்தார். தாய் ஹன்னா ஸ்டான்லி, ஹேவுட் என்னும் செல்வக் குடும்பத்தின் உடைமையாக இருந்த அடிமைப் பெண். தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பது அன்றைய சட்டம். ஆகவே அன்னாவும் பிறக்கும்போதே அடிமை. தந்தை அந்த வெள்ளை ஹேவுட் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றே நம்பப்படுகிறது. அந்த உறவைப் பற்றித் தாய் வெட்கத்தால் வாய் திறந்ததே இல்லை என்று பிற்காலத்தில் கூப்பர் எழுதினார். தந்தைக்குத் தாம் எந்த வகையிலும் கடன்பட்டவரல்லர் என்பதே அவருடைய நிலை. தாய்க்குப் பட்ட கடனை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு வயது ஏழு. விடுதலை பெற்ற மக்களுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்காக எபிஸ்கோபல் திருச்சபை ராலேயில் தொடங்கிய செயின்ட் அகஸ்டின் பள்ளி 1868இல் அவரை உதவித்தொகையுடன் சேர்த்துக்கொண்டது. அங்கேதான் கல்வியில் பாகுபாடு என்பதன் இன்னொரு முகத்தை அவர் கண்டார். கிரேக்க வகுப்பு இறையியல் பயிலும் ஆண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அறிவுள்ள பெண் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் எட்டக்கூடிய உச்சம், அப்படியோர் இறையியல் மாணவரை மணப்பதே என்று அவருக்குத் தோன்றியது. அவர் எதிர்த்துக் கேட்டார். கிரேக்க வகுப்பில் இடமும் பெற்றார். அங்குப் பயின்ற ஜார்ஜ் கூப்பரை 1877இல் மணந்தார் என்பது வேறு கதை. இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்தார். மணமான பெண்கள் ஆசிரியப் பணியில் நீடிப்பது அன்று பெரும்பாலும் வழக்கமில்லை. இருபத்தொரு வயதில் நேர்ந்த கைம்மை, கொடுமையான முரணாக, அவரது பணி வாழ்வின் தொடக்கமாயிற்று. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1881இல் ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரிக்குக் கட்டண விலக்கு கேட்டுத் தாமே கடிதம் எழுதிச் சேர்ந்தார். கறுப்பினத்தவரையும் பெண்களையும் 1830களிலேயே சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. அங்கும் பெண்களுக்கெனச் சுருக்கிய பாடத்திட்டம் ஒன்று இருந்தது. கூப்பர் அதைத் தேர்ந்தெடுக்காமல், ஆண்களுக்குரியது எனப்பட்ட நான்காண்டு முழுப் பாடத்திட்டத்தை எடுத்து 1884இல் பட்டம் பெற்றார். அவருடன் அதே ஆண்டில் அதே படிப்பை முடித்த கறுப்பினப் பெண்கள் இன்னும் இருவர்: மேரி சர்ச், ஐடா கிப்ஸ். 1887இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் கிடைத்தது. அவ்வாண்டே வாஷிங்டனின் கறுப்பினப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜார்ஜ் குக்கின் அழைப்பை ஏற்று அந்நகருக்கு வந்தார்.

அவர் வந்து சேர்ந்த பள்ளியின் வரலாறு சிறிது விரிவாகச் சொல்லத்தக்கது. 1870இல் ஒரு கறுப்பினத் திருச்சபைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தொடங்கிய பள்ளி அது. 1891இல் எம் ஸ்ட்ரீட்டில் சொந்தக் கட்டடம் கிடைத்ததிலிருந்து அந்தத் தெருவின் பெயரே பள்ளியின் பெயராயிற்று. தலைநகரின் பள்ளிகளுக்குக் காங்கிரஸ் நிதி ஒதுக்கியதால், அங்கே கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளை ஆசிரியருக்கும் ஊதிய விகிதம் ஒன்றாக இருந்தது. தென் மாநிலங்களில் எங்கும் நினைத்துப் பார்க்க முடியாத ஏற்பாடு அது. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. ஹார்வர்டிலும் ஓபர்லினிலும் ஆம்ஹர்ஸ்டிலும் படித்துத் தேறிய கறுப்பின இளைஞர்களை எந்த வெள்ளைப் பல்கலைக்கழகமும் வேலைக்கு எடுக்காது. அவர்கள் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களாக எம் ஸ்ட்ரீட்டுக்கு வந்தார்கள். சாதி போன்றே இறுகிப்போன நிறவெறி அறிஞர்களை ஒரே கட்டடத்துக்குள் அடைத்துவைத்தது. அதன் பயன் அவர்களுடைய மாணவர்களுக்குக் கிடைத்தது. இதை நிறவெறியின் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. அடைக்கப்பட்ட இடத்திலும் ஒரு மக்கள் கூட்டம் தனக்கென எதை எழுப்பிக்கொண்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

1892இல் கூப்பர் எழுதிய தெற்கிலிருந்து ஒரு குரல் என்னும் நூல் வெளிவந்தது. கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையின் முதல் நூல்களுள் ஒன்றாக இன்று அது கருதப்படுகிறது. 1893இல் சிகாகோவில் நடந்த மகளிர் பேரவையிலும், 1900இல் லண்டனில் கூடிய முதல் பான்-ஆப்பிரிக்க மாநாட்டிலும் அவர் உரையாற்றினார். அந்நூலில் பெண்கல்வி பற்றிய கட்டுரைகளே அதிகம் பேசப்படுகின்றன. நமக்கு முக்கியமானது, ஓர் இனத்தின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்கும் கட்டுரை. மனித உழைப்புக்கு மதிப்பைக் கூட்டுவது பயிற்சி என்கிறார் கூப்பர். தொழிற்கல்வியை முழு மனத்துடன் ஆதரிப்பதாக அதில் வெளிப்படையாக எழுதுகிறார். எல்லோரும் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் ஆக முடியாது, ஒரு சமூகத்துக்குத் திறன்மிக்க தொழிலாளரே முதுகெலும்பு என்பது அவர் கருத்து. கூப்பரைக் கைத்தொழிலை இழிவாகப் பார்த்த மேட்டுக்குடிப் பண்டிதராகச் சித்திரித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை, அல்லது படித்தும் மறைத்தார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் 1902இல் அவர் எதை எதிர்த்தார்?

இதற்கு அக்காலத் தொழிற்கல்வி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் 1868இல் வர்ஜீனியாவில் தொடங்கிய ஹாம்ப்டன் நிறுவனம் உயர்ந்த தொழில்நுட்ப வல்லுநர்களை உருவாக்க எழுந்ததன்று. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே அதன் முதன்மையான வேலை. மர அறுவை ஆலையிலும் சலவைக் கூடத்திலும் வயலிலும் மாணவர்கள் செய்த நீண்ட உழைப்பு, திறன் பயிற்சியாக அல்லாமல் ஒழுக்கப் பயிற்சியாகவே கருதப்பட்டது. விடுதலை பெற்ற மக்களுக்கு அரசியலும் வாக்குரிமையும் இப்போதைக்கு வேண்டாம், உழைப்பும் பணிவும் போதும் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. ஹாம்ப்டனில் பயின்ற புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் அலபாமாவில் டஸ்கிகி நிறுவனத்தைத் தொடங்கினார். 1895இல் அட்லாண்டா கண்காட்சியில் அவர் ஆற்றிய உரை, சமூகச் சமத்துவக் கோரிக்கையைத் தள்ளிவைத்து உழைப்பின் வழியே முன்னேறலாம் என்று தென் மாநில வெள்ளையருக்கு நம்பிக்கை அளித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் பிரித்துவைத்தலைச் சட்டப்படி சரியென்றது. வடக்கின் பெரும் செல்வர்களுடைய நன்கொடை டஸ்கிகிப் பக்கம் பாய்ந்தது.

வாஷிங்டன் என்ற மனிதரை எளிதில் தள்ளிவிட முடியாது. கொலைவெறி நிறைந்த அலபாமாவில் ஒரு கறுப்பின நிறுவனத்தை அவர் உயிரோடு காத்தார். வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு மறைவில் பண உதவியும் செய்தார். ஆயினும் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு நாடு முழுவதும் பள்ளி நிர்வாகிகள் செய்தது வேறு. ஒரு குழந்தையின் நிறத்தைப் பார்த்த அளவிலேயே அதன் பாடத்திட்டத்தை முடிவு செய்வதற்கு அவர்களுக்கு ஒரு கறுப்பினத் தலைவரின் கையொப்பம் கிடைத்துவிட்டது. 1953இல் சென்னை மாநிலத்தில் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து எழுந்த வாதங்களைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொழில் கற்றால் தொழில் கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. நகரங்களில் அன்று திறன் தொழில்களுக்கான வாயிலைக் காத்தவை கைவினைத் தொழிற்சங்கங்கள். அவற்றுள் பல கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. சங்க அட்டை இல்லாத மின்பணியாளரோ குழாய்ப் பணியாளரோ நல்ல வேலை எதையும் பெற முடியாது. பள்ளியில் கற்ற தச்சு வேலை அவரைத் தச்சர் ஆக்குமென்ற உறுதி இல்லை; ஆனால் கணிதமும் மொழியும் கற்காததால் கல்லூரிக் கதவு மூடிக்கொள்ளும் என்பது உறுதி. எம் ஸ்ட்ரீட்டில் எதைப் பாதுகாக்க வேண்டியிருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். அப்பள்ளி வணிகக் கணக்கையும் கற்பித்த பள்ளிதான். தொழிலுக்கா கல்லூரிக்கா என்று மாணவர் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்க வேண்டும், அந்தத் தேர்வை மாணவருக்காக வாரியம் செய்துவிடக் கூடாது என்பதே கூப்பரின் நிலைப்பாடு.

தலைமையாசிரியராக அவர் செய்த வேலை சொல்லுக்கு எளிது, செய்வதற்குக் கடினம். மாணவர்களைக் கிழக்குக் கரையின் புகழ்பெற்ற கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்தார். அக்கல்லூரிகளுடன் தொடர்பு கொண்டு உதவித்தொகைக்கு வழி தேடினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் படித்த அந்தப் பள்ளியிலிருந்து ஹார்வர்டுக்கும் யேலுக்கும் பிரவுனுக்கும் ஓபர்லினுக்கும் மாணவர்கள் சென்றார்கள். 1903இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த ஃபெலிக்ஸ் கிளைன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கூப்பர் லத்தீன் வகுப்பு நடத்துவதை நேரில் கண்டு, தமது பயண நூலில் வியந்து எழுதினார்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் டு போய்ஸ் எம் ஸ்ட்ரீட் பள்ளிக்கு வந்து உரையாற்றினார். கறுப்பினப் பள்ளிகளின் பாடத்திட்டத்தை நாடெங்கும் சுருக்கும் போக்கைப் பற்றி அவர் எச்சரித்தார். அவருடைய கறுப்பின மக்களின் ஆன்மாக்கள் நூல் அந்த ஆண்டில்தான் வெளிவந்து, வாஷிங்டனுடன் அவருக்கிருந்த கருத்து வேற்றுமையை உலகறியச் செய்தது. ஆம்ஸ்ட்ராங் பள்ளியின் அர்ப்பணிப்பு விழாவிலோ புக்கர் டி. வாஷிங்டன் பேசினார். இரு தலைவர்களுக்கிடையே நாடளவில் நடந்த விவாதம், ஒரே நகரத்தின் இரண்டு பள்ளிக் கட்டடங்களாக எதிரெதிரே வந்து நின்றது.

நிர்வாகத்தில் ஏற்கெனவே ஒரு மாற்றம் நடந்திருந்தது. 1900வரை கறுப்பினப் பள்ளிகளுக்குக் கறுப்பினக் கண்காணிப்பாளர் ஒருவர் தனிப் பொறுப்பில் இருந்தார். அவ்வாண்டில் காங்கிரஸ் செய்த மறுசீரமைப்பு அந்தப் பதவியைத் துணைப் பதவியாகத் தாழ்த்திவிட்டது. எம் ஸ்ட்ரீட் உள்ளிட்ட உயர்நிலைப்பள்ளிகள் பெர்சி ஹியூஸ் என்ற வெள்ளை இயக்குநரின் கீழ் வந்தன. எம் ஸ்ட்ரீட்டின் பாடத்திட்டத்தை மாணவர்களின் தகுதிக்கு ஏற்ப எளிமையாக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தகுதி என்ற சொல் யாருடைய வாயிலிருந்து, யாரைப் பார்த்து வருகிறது என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். கூப்பர் இணங்கவில்லை.

1905இல் அவர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. வாரியம் ஒப்புதல் அளிக்காத பாடநூலைப் பயன்படுத்தினார். பள்ளியில் ஒழுங்கைக் காக்கத் தவறினார். ஒற்றுமையும் விசுவாசமும் வளரச் செய்யவில்லை. பின்தங்கிய, தகுதி குறைந்த மாணவர்களிடம் அளவுக்கு மீறிப் பரிவு காட்டினார். கடைசிக் குற்றச்சாட்டை இன்னொரு முறை படிக்கலாம். மேட்டுக்குடிக் கல்வியை வற்புறுத்துகிறார் என்று யாரைக் குறை சொன்னார்களோ, அவரே பின்தங்கிய பிள்ளைகளைக் கைவிட மறுக்கிறார் என்பதும் குற்றமாயிற்று. இவை போதாதென்று, அவர் வளர்த்து ஆளாக்கிய, அதே பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜான் லவ் என்பவருடன் அவரை இணைத்து ஊரில் வதந்தி பரப்பப்பட்டது. அதிகாரத்துக்கு அடங்காத பெண்ணை வீழ்த்த அவருடைய நடத்தையின்மீது கைவைப்பது எங்கும் கண்டுவரும் உத்திதான். வருத்தத்துக்குரியது என்னவென்றால், அந்த வதந்தியைச் சுமந்து திரிந்தவர்களுள் அவருடைய சொந்தச் சமூகத்தாரும் இருந்தார்கள்.

நகரின் கறுப்பின மக்கள் இரண்டாகப் பிரிந்தனர். செய்தித்தாள்கள் மாதக்கணக்கில் எழுதின. முன்னாள் மாணவர்களும் பெற்றோர்களும் அவருக்காகத் திரண்டனர். அந்தக் கல்வியாண்டு முழுவதும் அவர் பதவியில் நீடித்தார். 1906இல் வாரியம் புதிதாக அமைக்கப்பட்டபோது அவருக்கு மறுநியமனம் தரப்படவில்லை. இதில் புக்கர் டி. வாஷிங்டனின் கை நேரடியாக இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. மறு ஆண்டு கறுப்பினப் பள்ளிகளின் துணைக் கண்காணிப்பாளராக வந்தவர் டஸ்கிகியில் கல்வி இயக்குநராக இருந்த ராஸ்கோ புரூஸ் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அவர் ஹார்வர்டில் படித்தவர். தாம் ஏறிய ஏணியைப் பிறருக்கு நீளமாக்குவதா குறுக்குவதா என்ற சோதனை எல்லாச் சமூகங்களின் படித்த தலைமுறைக்கும் வருகிறது.

கூப்பர் மிசௌரி மாநிலத்தின் ஜெஃபர்சன் நகரில் கறுப்பினத்தவருக்கான லிங்கன் கல்வி நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் மொழிகள் கற்பித்தார். 1910இல் எம் ஸ்ட்ரீட் பள்ளி அவரைத் திரும்ப அழைத்தது, லத்தீன் ஆசிரியராக. தாம் தலைமை தாங்கிய பள்ளியில், வேறொருவருக்குக் கீழே, சாதாரண ஆசிரியராக அவர் திரும்பிவந்து சேர்ந்தார். இருபது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். 1916இல் பள்ளி புதிய கட்டடத்துக்கு மாறி, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பரின் பெயரைப் பெற்றது.

இக்காலத்தில் நாட்டின் தொழிற்கல்விக் கொள்கையே மாறிக்கொண்டிருந்தது. 1917 பிப்ரவரியில் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் நிறைவேறி, உயர்நிலைப்பள்ளித் தொழிற்கல்விக்கு முதன்முதலாகக் கூட்டரசின் நிதி கிடைத்தது. பணத்தைப் பங்கிடும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. தெற்கில் பங்கீடு எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இயந்திரவியலும் மின்னியலும் வெள்ளைப் பள்ளிகளுக்குச் சென்றன. கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்த சிறு பங்கு பெரும்பாலும் வேளாண்மைக்கும் வீட்டு வேலைக்கும் உரியதாக இருந்தது. தொழிற்கல்வி என்ற ஒரே பெயரின் கீழ் ஒரு பிள்ளைக்குப் புதிய தொழிலும் இன்னொரு பிள்ளைக்குப் பழைய அடிமை வேலையும் கற்பிக்கப்பட்டன.

இதற்கு மாறான வழிகளும் இருந்தன, அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆம்ஸ்ட்ராங் பள்ளி, அதை அமைத்த அதிகாரிகளின் நோக்கம் எதுவாக இருந்தாலும், கறுப்பின ஆசிரியர்களின் கையில் தரமான தொழிற்பள்ளியாக வளர்ந்தது. டன்பர் பள்ளியில் ஆசிரியராக இருந்த வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் 1918இல் அதன் தலைமையாசிரியரானார். இசைமேதை டியூக் எலிங்டன் அங்கே வணிக ஓவியம் பயின்று, பட்டம் பெறுமுன்பே இசைக்காக வெளியேறியவர். எம் ஸ்ட்ரீட்டில் கூப்பர் ஆசிரியராக இருந்த காலத்தில் பயின்ற நானி ஹெலன் பரோஸ், 1909இல் தலைநகரில் பெண்களுக்கான தேசியப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு முறையான தொழிற்பயிற்சி, அதனுடன் கறுப்பின வரலாற்றுப் பாடமும் கட்டாயம். கறுப்பினப் பெண்கள் கொடுத்த சில்லறைக் காசுகளே அதன் பெருமூலதனம். நன்கொடையாளரின் விருப்பத்துக்குப் பாடத்திட்டத்தை வளைக்க வேண்டிய தேவை அதனால் அவருக்கு எழவில்லை. தொழிற்கல்வி யார் கையில் இருக்கிறது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு, கூப்பரின் போராட்டத்தைவிடவும் பரோஸின் பள்ளி நல்ல சான்று என்று எனக்குப் படுகிறது.

டன்பர் பள்ளியில் படித்த ராபர்ட் வீவரின் கதையும் இங்கே பொருந்தும். இளம் வயதிலேயே மின்பணி கற்று அந்த வேலையைச் செய்துவந்த அவர், தொழிற்சங்கத்தில் சேர முயன்றபோது நிறத்தைக் காட்டி மறுக்கப்பட்டார். கையில் இருந்த தொழில் பயன்படவில்லை. டன்பர் தந்த பொதுக்கல்வி அவரை ஹார்வர்டுக்குக் கொண்டுசென்றது. கறுப்பினத் தொழிலாளர் பற்றிய ஆய்வு நூலை 1946இல் வெளியிட்ட அவரே, 1966இல் அமெரிக்க நடுவண் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டியதன் தேவையை அவருடைய இளமைக்காலமே காட்டிவிட்டது.

கூப்பரின் சொந்தப் படிப்பு அப்போதும் முடிந்திருக்கவில்லை. 1914முதல் கோடை விடுமுறைகளில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான பாடங்களைப் பயின்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் அங்கே பயின்ற ஆண்டுகளும் அவையே. 1915இல் அவர் முதுகலைப் பட்டம் பெற்றார். அடிமையாகப் பிறந்த ஐம்பத்தாறு வயது ஆசிரியையும், தீண்டப்படாதவராகப் பிறந்த இருபத்துமூன்று வயது மாணவரும் ஒரே பல்கலைக்கழகத்தின் படிகளில் ஏறிய காலம் அது. அவ்வேளையில் கூப்பர் மீது புதிய சுமை விழுந்தது. சகோதரர் வழியில் பேரப் பிள்ளைகளான ஐந்து குழந்தைகள் தாயை இழந்து நிற்க, 1915இல் அவர்களை அவர் வளர்க்க எடுத்துக்கொண்டார். அவர்களுக்காக டி ஸ்ட்ரீட்டில் பெரிய வீடு ஒன்றை வாங்கினார். கொலம்பியாவில் தங்கியிருந்து படிக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற இயலவில்லை. தம் தேர்ச்சிகளைப் பாரிசின் சோர்போனுக்கு மாற்றினார்.

1924இல் விடுப்பெடுத்துப் பாரிசுக்குச் சென்று ஆவணக் காப்பகங்களில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, அறுபது நாள்களுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கை வாஷிங்டனிலிருந்து வந்தது. ஓய்வூதியத்தையும் ஐந்து பிள்ளைகளின் வாழ்வையும் எண்ணி அவர் திரும்பினார். ஆனாலும் ஆய்வேட்டை எழுதி முடித்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறை குறித்து பிரான்ஸ் கொண்டிருந்த நிலைப்பாடு பற்றியது அது. மனித உரிமை முழக்கமிட்ட புரட்சி, கரீபியத் தீவுகளின் அடிமைகள்பால் எப்படி நடந்துகொண்டது என்று அதில் கேட்டார். 1925இல், அறுபத்தாறு வயதில், சோர்போனின் முனைவர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அது அவருக்கு வழங்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் முனைவர் பட்டம் பெற்ற நான்காமவர் அவர்.

1930இல் டன்பரிலிருந்து ஓய்வு பெற்றதும் ஃப்ரீலிங்ஹைசன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பெயர்தான் பல்கலைக்கழகம். பகலில் பணிப்பெண்களாகவும் காவலாளிகளாகவும் எழுத்தர்களாகவும் உழைத்த கறுப்பின மக்கள் இரவில் வந்து படிக்கும் இடம் அது. சொந்தக் கட்டடமில்லை, அறக்கொடை நிதியில்லை. கடன் சுமையில் நிறுவனம் தள்ளாடியபோது கூப்பர் அதைத் தம் டி ஸ்ட்ரீட் வீட்டுக்கே கொண்டுவந்தார். வகுப்புகள் அவருடைய கூடத்திலும் அறைகளிலும் நடந்தன. ஊதியமும் பெரும்பாலும் பெற்றுக்கொள்ளவில்லை. அதிகாரிகள் பட்டம் வழங்கும் உரிமையைப் புதுப்பிக்க மறுத்தபோது, நிறுவனம் உழைக்கும் கறுப்பின மக்களுக்கான பள்ளிகளின் தொகுதி என்று தன் பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. 1902இல் அதிகாரிகள் பேசிய தொழிலா கல்வியா என்ற பிரிவினை அந்த வீட்டில் இல்லை. அங்கே வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு தொழில் செய்தவர்கள். எல்லோரும் படிக்க வந்தவர்கள்.

1954இல், வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று போலிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாண்டுக் காலம் இத்தகைய வழக்குகளுக்குச் சட்டத் திட்டம் வகுத்து, தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் முன்பே மறைந்துவிட்ட சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், எம் ஸ்ட்ரீட் பள்ளியில் படித்தவர். அப்போது கூப்பருக்கு வயது தொண்ணூற்றைந்து. இன்னும் பத்து ஆண்டுகள் வாழ்ந்து, 1964 பிப்ரவரி 27 அன்று, நூற்றைந்து வயதில், வாஷிங்டனில் இறந்தார். குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது அதற்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு. உடல் ராலேக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கணவரின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டது.

டி ஸ்ட்ரீட் வீட்டில், அடிப்படைக் கல்வியே இல்லாமல் வந்த முதியவர்களுக்கென ஒரு தனிப் பிரிவை அவர் நடத்தியிருந்தார். அதற்கு ஹன்னா ஸ்டான்லி வாய்ப்புப் பள்ளி என்று பெயர் வைத்திருந்தார். அது எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டு, ராலேயில் அடிமையாக வாழ்ந்த அவருடைய தாயின் பெயர்.